நிரம்ப மறுத்த டேங்க்: பழைய நான்கு சக்கர இயக்க வண்டி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பணிமனைக்கு வந்தது 1980-களின் பிற்பகுதியில் தயாரான, தனிச் சேஸிஸின் மேல் பாடி பொருத்தப்பட்ட, கார்புரேட்டர் பெட்ரோல் வண்டி. கரடுமுரடான பாதைகளில் ஓட்டுவதற்காக, முந்தைய உரிமையாளர் ஒருவர் பாடிக்கும் சேஸிஸுக்கும் இடையே கட்டைகள் வைத்துப் பாடியைச் சுமார் 75 மி.மீ. உயர்த்தியிருந்தார். டேங்க் 60 லிட்டர் கொள்ளளவு உடையது; அது சேஸிஸில் தொங்குகிறது. எரிபொருள் ஊற்றும் வாயோ பாடியின் பக்கவாட்டில் இருக்கிறது. இந்த இரண்டையும் இணைப்பவை இரண்டு ரப்பர் ஹோஸ்கள்: பெட்ரோல் இறங்குவதற்கான 38 மி.மீ. உள்விட்டமுள்ள தடித்த ஹோஸ் ஒன்று, டேங்கிலுள்ள காற்று மேலேறி நிரப்பு வாய்க்குத் திரும்புவதற்கான 12 மி.மீ. காற்று ஹோஸ் ஒன்று.

உரிமையாளரின் புகார் பின்வருமாறு. காலி டேங்கில் நாசிலின் (எரிபொருள் நிலையத்தில் பெட்ரோல் ஊற்றும் கைப்பிடிக் குழாயின்) விசையை முழுவதும் அழுத்தினால் சில நொடிகளில் அது தானாக நின்றுவிடும். பாதி அழுத்திப் பிடித்தால் ஓரளவு இறங்கும். பாதி டேங்க் ஆன பிறகு அதுவும் முடியாது. நாசில் நிற்பதோடு நிரப்பு வாயிலிருந்து பெட்ரோல் பீறிட்டு வெளியே தெறிக்கும். மூடியை மாற்றிப் பார்த்திருக்கிறார், வேறொரு பணிமனையில், டேங்கின் ஆவியைப் பிடித்து வைக்கும் கரித்தூள் கேனிஸ்டரையும் மாற்றித் தந்திருக்கிறார்கள், பயனில்லை. இவற்றோடு அவர் போகிற போக்கில் சொன்ன இன்னொரு செய்திதான் இந்த ஆய்வின் மிக மதிப்புள்ள தடயமாக அமைந்தது: வண்டி சில நாள்கள் வெயிலில் சும்மா நின்றபின் எரிபொருள் போட்டால் தொல்லை குறைவாக இருக்கிறது, கரடுமுரடான பாதையில் ஓடிவிட்டு நேராக நிரப்பப் போனால் ஒரு சொட்டுகூட இறங்க மாட்டேன் என்கிறது.

நாசில் எதைப் பார்த்து நிற்கிறது

டேங்க் நிரம்பியதை நாசில் அறிவதில்லை. அதன் முனையில், சற்று உட்புறமாக, ஒரு சிறு துளை இருக்கிறது. பெட்ரோல் நாசிலின் உள்ளே குறுகிய பகுதி ஒன்றைக் கடந்து பாயும்போது அங்கே உறிஞ்சல் உண்டாகி, அந்தத் துளை வழியே காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். துளையைப் பெட்ரோல் மூடிய கணத்தில் காற்று வரத்து நின்று, உள்ளே வெற்றழுத்தம் கூடி, ஒரு மெல்லிய சவ்வை இழுக்க, அந்தச் சவ்வு விசையின் பூட்டை விடுவிக்கிறது. ஆகவே நிரப்பு வாயின் கழுத்தில் பெட்ரோல் எந்தக் காரணத்தால் தேங்கி ஏறினாலும் நாசில் நிற்கும். கீழே டேங்க் காலியாகக் கிடந்தாலும் நிற்கும்.

கழுத்தில் பெட்ரோல் தேங்குவதற்கு இரண்டு வழிகள்தாம் உண்டு. ஒன்று, இறங்கும் பாதையிலேயே தடை. மற்றொன்று, டேங்கிலுள்ள காற்று வெளியேற வழியில்லாமல் உள்ளே அழுத்தம் கூடி, இறங்கும் பெட்ரோலை எதிர்த்து நிற்பது. ஒரு லிட்டர் பெட்ரோல் உள்ளே போக வேண்டுமானால் ஒரு லிட்டர் காற்றும் ஆவியும் வெளியே வந்தாக வேண்டும் என்பதைப் பலர் அறிந்தும், வண்டியின் அடியில் படுத்தவுடன் மறந்துவிடுகிறார்கள். பெட்ரோல் போகும் தடித்த ஹோஸைத்தான் எல்லாரும் முதலில் கழற்றுகிறார்கள். என் அனுபவத்தில், பழைய வண்டிகளில் வரும் இத்தகைய புகார்களில் பெரும்பாலானவை அந்த மெல்லிய காற்று ஹோஸைச் சார்ந்தவை.

அளவுகளைக் கொண்டு பார்த்தால் இது விளங்கும். பெட்ரோல் நாசில்களுக்கு அமெரிக்க விதி வகுத்துள்ள உச்ச வேகம் நிமிடத்திற்கு 10 காலன், அதாவது சுமார் 38 லிட்டர். அந்த அளவு காற்று 12 மி.மீ. ஹோஸ் வழியே வெளியேற வேண்டுமானால் அது நொடிக்கு 5 முதல் 6 மீட்டர் வேகத்தில் பாய வேண்டும். இது இயல்பான நிலை. அதே ஹோஸின் உள்விட்டம் 6 மி.மீ. ஆகச் சுருங்கினால் வேகம் நான்கு மடங்காகும். அழுத்த இழப்போ ஏறத்தாழ முப்பது மடங்கை எட்டும். மறுபுறம், கழுத்தில் நிற்கும் 30 செ.மீ. பெட்ரோல் தன் எடையால் தரும் அழுத்தம் சுமார் 22 செ.மீ. உயர நீரின் அழுத்தமே. ஏனெனில் பெட்ரோலின் அடர்த்தி நீரினதில் முக்கால் பங்குக்கு அருகில்தான் இருக்கிறது. டேங்கினுள் அவ்வளவு சிறிய எதிரழுத்தம் பிறந்தாலே இறங்கும் பெட்ரோல் நின்றுவிடும். காற்று ஹோஸ் முழுக்க அடைபட வேண்டியதில்லை. பாதி சுருங்கினால் போதும்.

வெளியிலிருந்து செய்த சோதனைகள்

எதையும் கழற்றுவதற்கு முன் சில ஐயங்களை நீக்கிக்கொண்டோம். வேறு வேறு நிலையங்களின் நாசில்களிலும் இதே தொல்லை இருந்ததால் நாசிலின் மீது குற்றமில்லை. நாசிலை முழு ஆழம் செருகியும், சற்று வெளியே இழுத்தும், கைப்பிடியைப் பக்கவாட்டில் திருப்பியும் பார்த்ததில் பெரிய மாற்றமில்லை. துளைக்கு நேரே கழுத்தின் சுவரோ உள்ளேயுள்ள மடல் தகடோ பெட்ரோலைத் திருப்பியடிக்கும் வண்டிகளில், நாசிலைத் திருப்பினாலே குறை தணிந்துவிடும். மூடி திறந்திருக்கும்போதுதான் எரிபொருள் போடுகிறோம் என்பதால், மூடியிலுள்ள வால்வு பழுதாயிருந்தாலும் அது நிரப்பும்போது வரும் தொல்லைக்குக் காரணமாக முடியாது. ஓடும்போது டேங்க் உட்குழிவதற்கோ எஞ்சின் திணறுவதற்கோ அது காரணமாகலாம்.

கேனிஸ்டர் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும், ஏனெனில் வீண் செலவு பெரும்பாலும் அங்கேதான் நேர்கிறது. 1970-களின் தொடக்கத்திலிருந்து பல வண்டிகளில் டேங்கின் ஆவியைக் கரித்தூள் கேனிஸ்டரில் பிடித்து வைக்கும் ஏற்பாடு இருந்து வருகிறது. ஆனால் அந்தக் காலத்து வண்டிகளில் அது நிற்கும்போதும் ஓடும்போதும் எழும் ஆவிக்கானது மட்டுமே. எரிபொருள் போடும்போது வெளியேறும் பெருங்காற்று அதன் வழியே போவதில்லை, நிரப்பு வாய் வழியாகவே வெளியேறுகிறது. எரிபொருள் போடும்போது எழும் ஆவியையும் கேனிஸ்டருக்குள் செலுத்தும் முறை அமெரிக்காவில் 1998 மாடல் கார்களிலிருந்துதான் படிப்படியாக வந்தது. அந்தப் புதிய வண்டிகளில் கேனிஸ்டரோ அதன் காற்று வால்வோ அடைத்தால் டேங்க் நிரம்ப மறுக்கும். அதே நோய்க்குறியைக் கண்டு பழைய வண்டியிலும் கேனிஸ்டரை மாற்றுவது, இரண்டு வகை அமைப்புகளையும் ஒன்றாக எண்ணுவதால் வரும் பிழை. இவ்வண்டியில் கேனிஸ்டருக்குப் போகும் மெல்லிய லைனைக் கழற்றி விட்டுப் பார்த்தபோதும் தொல்லையில் எந்த மாற்றமும் இல்லை.

சிறிய காற்றுப் பாதைகளை எவ்வளவு சிறிய பொருளும் அடைக்கும் என்பதற்கு ஊரறிந்த சான்று ஒன்று உண்டு. 2011-இல் மாஸ்டா நிறுவனம் வட அமெரிக்காவில் 2009, 2010 மாடல் மாஸ்டா 6 கார்களைத் திரும்ப அழைத்தது. கேனிஸ்டரின் காற்றுக் குழாயில் ஒருவகை மஞ்சள் சிலந்தி வலை பின்னி அடைப்பதால் டேங்கில் வெற்றழுத்தம் ஏற்பட்டு விரிசல் விழக்கூடும் என்பதே அதற்கான காரணம். நீண்ட காலம் நிறுத்தி வைக்கப்படும் பழைய வண்டிகளில் குளவிகள் மண்கூடு கட்டுவதும் உண்டு. ஆகவே இவ்வண்டியின் கழுத்தினுள், காற்றுக் குழாய் வந்து சேரும் முனையைத் தீப்பொறி எழுப்பாத கைவிளக்கைக் கொண்டு பார்த்தோம். சிறிது துருவைத் தவிர அடைப்பு எதுவும் இல்லை.

அழுத்தத்தை அளந்தது

இனி ஊகத்தை விட்டு அளவைக்கு வந்தோம். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயை ஆங்கில 'யு' எழுத்து வடிவில் ஒரு பலகையில் பொருத்தி, பாதி வரை நீர் ஊற்றி, அதன் ஒரு முனையை டேங்கின் மேலே, கேனிஸ்டருக்குப் போகும் ஆவி லைனின் நிப்பிளில், அதாவது ஹோஸ் மாட்டும் சிறு குழாய் முனையில், இணைத்தோம். மறுமுனை திறந்தவெளியைப் பார்த்திருக்கும். டேங்கில் அழுத்தம் ஏறினால் இரு பக்க நீர்மட்டங்களும் விலகும். அந்த விலகலே அழுத்தத்தின் அளவு. இதைவிட எளிய, இதைவிட நம்பகமான கருவி இந்த வேலைக்கு இல்லை என்பேன். ஏனெனில் இங்கே நாம் தேடும் அழுத்தம் சாதாரண டயர் கேஜின் முள்ளை அசைக்கக்கூடப் போதாது.

பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து தொலைவிலுள்ள தீயைத் தேடிப் போகும். பெட்ரோல் தீப்பற்றும் ஆவியை நீரின் உறைநிலைக்குச் சுமார் 40 பாகை கீழேயும் தந்துகொண்டிருக்கும். எனவே சோதனையைப் பணிமனைக்குள் செய்யாமல் திறந்தவெளியில், எரிபொருளை ஒரு கலத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதற்கென்றே செய்யப்பட்ட பம்ப்பையும் தானியங்கி நாசிலையும் கொண்டு, நிலைமின்சாரப் பொறி எழாதபடி பம்ப்பையும் வண்டியையும் மின்கம்பியால் இணைத்து, தீயணைப்பானை அருகில் வைத்துக்கொண்டுதான் செய்தோம். எரிபொருள் நிலையத்தின் வளாகத்தில் இப்படிக் குழாய்களைத் திறந்து வைத்துக்கொண்டு சோதிப்பது கூடாது.

பம்ப்பை ஓடவிட்டவுடன் நீர்மட்டங்கள் விலகத் தொடங்கின. விலகல் 20 செ.மீ.யைத் தாண்டிய தறுவாயில் கழுத்தில் பெட்ரோல் பொங்கும் ஓசை கேட்டது. நாசில் டொக்கென்று நின்றது. நின்றபின் நீர்மட்டம் சட்டென்று இறங்காமல் விட்டுவிட்டு, துள்ளித் துள்ளி இறங்கியது. கழுத்தின் காற்று முனையிலிருந்து கொப்புளங்களும் சிறு சிறு பெட்ரோல் துளிகளும் தெறித்தன. அழுத்தம் ஏறியதால் இறங்கும் பாதை தடை என்ற ஐயம் நீங்கியது; தடை அங்கே இருந்தால் டேங்கில் அழுத்தமே ஏறியிராது. துள்ளல் இன்னொன்றையும் காட்டியது. வறண்ட ஹோஸ் சுருங்கியிருந்தால் காற்று மெதுவாக, ஆனால் சீராக வெளியேறும். துள்ளித் துள்ளி வெளியேறினால் வழியில் திரவம் தேங்கியிருக்கிறது என்று பொருள்.

அடுத்து, காற்று ஹோஸை இருபுறமும் கழற்றிவிட்டு, டேங்கின் நிப்பிளில் அதே விட்டமுள்ள தற்காலிக எரிபொருள் ஹோஸ் ஒன்றைப் பொருத்தி, எங்கும் தாழாமல் நேரே கழுத்துக்கு மேல் உயர்த்திக் கட்டினோம். இப்போது பம்ப்பின் முழு வேகத்தில் டேங்க் நிரம்பியது; நீர்மட்ட விலகல் சில செ.மீ.க்குள் அடங்கியது. குற்றம் கழற்றிய ஹோஸில்தான் என்பது இதனால் உறுதியானது.

ஹோஸில் கண்டவை

கழற்றிய ஹோஸ் வெளியே பார்க்கப் புதியது போலவே இருந்தது. வெடிப்பு இல்லை, கிளாம்ப் இருந்த இடங்களைத் தவிர நசுங்கல் இல்லை. ஆனால் அதன் மேல் அச்சிட்டிருந்த எழுத்துகள் அது ரேடியேட்டர் நீருக்கான ஹோஸ் என்று காட்டின. அத்தகைய ஹோஸ்கள் பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற ரப்பரால் ஆனவை. சூட்டையும் குளிர்விப்பு நீரையும் அது ஆண்டுக்கணக்கில் தாங்கும். பெட்ரோல் பட்டாலோ அதை உறிஞ்சி ஊதிவிடும். வெளியே பின்னல் நூலும் மேலுறையும் பிடித்திருப்பதால் ஊதும் ரப்பருக்கு உள்ளே பெருகுவதைத் தவிர வேறு வழியில்லை. நீளவாக்கில் பிளேடால் கிழித்துப் பார்த்தபோது, உட்சுவர் நனைந்த அட்டை போல மெத்தென்று உப்பி, டேங்கின் பக்கமுள்ள முனையில் மடிப்பு விழுந்து கிடந்தது. நல்ல இடத்தில் 12 மி.மீ. இருந்த துவாரம், அந்த மடிப்பருகே காலிப்பரில் 7 மி.மீ. கூடக் காட்டவில்லை. விரலால் தேய்த்தால் கறுப்பாகக் கையில் ஒட்டியது.

இரண்டாவது குறை ஹோஸ் போடப்பட்ட விதத்தில் இருந்தது. பாடியை உயர்த்தியபோது நிரப்பு வாய் டேங்கிலிருந்து விலகிவிட்டது. பழைய காற்று ஹோஸ் எட்டவில்லை. சஸ்பென்ஷனை மட்டும் உயர்த்தியிருந்தால் இந்தத் தொல்லை எழுந்திராது. அப்போது டேங்கும் பாடியும் சேர்ந்தே உயரும், அவற்றின் இடைவெளி மாறாது. இங்கே எட்டாத ஹோஸுக்குப் பதிலாகத் தேவைக்கு மிஞ்சிய நீளமுள்ள ஒன்றைப் போட்டிருந்தார்கள். மிஞ்சிய நீளம் நடுவில் தொங்கி, தொட்டில் வளைவாகி, அந்த வளைவில் பெட்ரோல் தேங்கியிருந்தது. சுமார் 8 செ.மீ. ஆழம் தேங்கினாலும், அதைத் தள்ளிக்கொண்டு காற்று வெளியேற 6 செ.மீ. நீர்மட்ட அளவுக்குக் கூடுதல் அழுத்தம் வேண்டும். சுருங்கிய துவாரத்தின் தடையோடு இதுவும் சேர்ந்ததால்தான் நாசில் அவ்வளவு விரைவில் நின்றது.

உரிமையாளர் சொன்ன வெயில் செய்தியின் பொருள் இப்போது விளங்கியது. கரடுமுரடான பாதையில் டேங்கின் பெட்ரோல் அலைமோதி, காற்று நிப்பிள் வழியே ஏறி, தொட்டில் வளைவை நிரப்பிவிடும். நாள்கணக்கில் வெயிலில் நின்றால் அங்கே தேங்கிய பெட்ரோல் ஆவியாகி வற்றும். தடையில் ஒரு பங்கு குறையும். பாதி டேங்கிற்குப் பிறகு தொல்லை கூடியதற்கும் காரணம் உண்டு. இந்த டேங்கில் தடித்த ஹோஸ் இணையும் துவாரம் பக்கச் சுவரில் இருக்கிறது. மட்டம் அதற்குக் கீழே இருக்கும்வரை, மெதுவாக ஊற்றினால் அதே ஹோஸின் மேற்பகுதி வழியே காற்றும் திரும்பி வரும். மட்டம் ஏறி அந்தத் துவாரத்தை மூடியபின் காற்றுக்குக் காற்று ஹோஸைத் தவிர வேறு வழி இல்லை.

செய்த பணி

டேங்கைக் கீழே இறக்கித்தான் நிப்பிள்களை எட்ட முடிந்தது. எரிபொருளை முதலில் முழுவதும் வடித்துவிட்டோம். நிறைந்த 60 லிட்டர் டேங்கின் பெட்ரோல் மட்டுமே 45 கிலோவை நெருங்கும், அது ஜாக்கியின் மேல் அலைமோதுவது ஆபத்து. காற்று நிப்பிளில் ஒட்டியிருந்த ரப்பர் துணுக்குகளை எடுத்து, சைக்கிள் பம்ப்பால் ஊதிப் பாதை திறந்திருப்பதை உறுதி செய்தோம். கம்ப்ரசர் காற்றை டேங்கிற்குள் விடக் கூடாது. அதன் அழுத்தம் டேங்கின் தையலைப் பிளக்கவும், வண்டி கவிழ்ந்தால் அடைத்துக்கொள்ளும் மிதவை வால்வை உடைக்கவும் போதுமானது. வாயால் ஊதுவதும் உறிஞ்சுவதும் வேண்டாம்.

புதிய காற்று ஹோஸ் எஸ்ஏஇ ஜே30 தரக் குறியீடு அச்சிடப்பட்ட எரிபொருள் ஹோஸ். அதன் நீளத்தை முடிவு செய்வதில்தான் அதிக நேரம் போனது. இறுக்கமாக இழுத்து மாட்டினால், ரப்பர் மவுண்ட்கள் மீது அசையும் பாடி அதைத் தினமும் இழுத்து நிப்பிளிலிருந்து கழற்றிவிடும். தளர்த்தி விட்டால் மறுபடியும் தொட்டில் விழும். ஆகவே தளர்ச்சியைக் கீழ்நோக்கி விடாமல் பக்கவாட்டில் ஒரு மென்மையான வளைவாக விட்டு, கழுத்திலிருந்து டேங்க் வரை ஓரிடத்திலும் ஏறாமல் தொடர்ந்து சரிந்து வருமாறு பாடியின் அடியில் ரப்பர் வைத்த கிளிப்புகளால் பிடித்தோம். கூர்மையாகத் திரும்ப வேண்டிய ஓரிடத்தில் ஹோஸை மடக்காமல் உலோக எல்போ ஒன்றைச் சேர்த்தோம். தடித்த ஹோஸும் நடுவில் இரும்புக் குழாய்த் துண்டு வைத்து நீட்டப்பட்டிருந்தது. அதையும் எரிபொருளுக்குரிய ஒரே நீள ஹோஸாக மாற்றினோம்.

யாரும் தேடாத இன்னொரு குறையும் கண்ணில் பட்டது; என் கணக்கில் இதுவே மிகக் கடுமையானது. நிரப்பு வாயின் உலோகக் கழுத்தைச் சேஸிஸுடன் இணைக்கும் எர்த் கம்பி, பாடியை உயர்த்தியபோது எட்டாமல் இழுபட்டு அறுந்து தொங்கியது. கழுத்து, ரப்பர் ஹோஸ்களாலும் ரப்பர் வாசராலும் சூழப்பட்டிருந்ததால் வண்டியின் எந்த உலோகத்தோடும் அதற்குத் தொடர்பில்லை. பாயும் பெட்ரோலால் சேரும் நிலைமின்சாரம் வடிந்து போக வழியில்லாமல், ஆவி சூழ்ந்த இடத்திலேயே பொறியாகத் தாவக்கூடும். போதிய நீளமுள்ள புதிய கம்பியைப் போட்டு, பெயின்ட்டைச் சுரண்டிய உலோகத்தில் முடுக்கி, மல்ட்டிமீட்டரில் தொடர்பைச் சரிபார்த்தோம். பாடியை உயர்த்திய வண்டி எதுவாயினும், அதன் டேங்க் ஒழுங்காக நிரம்பினாலும், இந்த ஒரு கம்பியைப் பார்த்துவிட வேண்டும்.

எல்லாம் மாட்டியபின் முன்பு செய்த அதே அழுத்தச் சோதனையை மறுபடியும் செய்தோம். காலியிலிருந்து முழு வேகத்தில் நிரப்பியபோது நீர்மட்ட விலகல் 3 செ.மீ.யைத் தாண்டவில்லை; நாசில் இடையில் நிற்கவும் இல்லை. நிறைந்த டேங்குடன் வண்டியை இரு பக்கமும் சாய்வான இடத்தில் நிறுத்தி, கிளாம்ப்களின் ஓரங்களில் ஈரமோ வாடையோ உண்டா என்று பார்த்தோம், இல்லை. கரடுமுரடான பாதையில் ஓட்டிவிட்டு உடனே நிரப்பிய போதும் எந்தத் தொல்லையும் இல்லை.

உரிமையாளருக்கு ஒரு குறை மட்டும் இருந்தது: காலி டேங்கில் 54 லிட்டர் அளவிலேயே நாசில் நிற்கிறது, புத்தகத்திலோ 60 என்றிருக்கிறது என்றார். இது குறையன்று. காற்றுக் குழாய் டேங்கினுள் எவ்வளவு ஆழம் நீண்டிருக்கிறதோ, அந்த மட்டத்திற்குப் பெட்ரோல் வந்ததும் அதன் வாய் மூடி, காற்று வெளியேற்றம் நின்று, நாசில் நிற்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள். மேலே எஞ்சும் வெற்றிடம் விரிவுக்கானது. வெப்பநிலை 20 பாகை செல்சியஸ் ஏறினால் நிறைந்த டேங்கின் பெட்ரோல் ஏறத்தாழ ஒரு லிட்டருக்கு மேல் விரியும், வண்டி சாய்ந்து நின்றால் அதற்கும் இடம் வேண்டும். அந்த உட்குழாயை நறுக்கிக் கொள்ளளவைக் கூட்டித் தருமாறு அவர் கேட்டார். செய்ய முடியாது என்று சொன்னோம். நாசில் முதன்முறை நின்றபின் மேலும் அழுத்தி ஊற்ற வேண்டாம் என்றும், ஊற்றினால் திரவப் பெட்ரோல் ஆவி லைனில் ஏறிப் புதிதாக மாற்றிய கேனிஸ்டரின் கரித்தூளை நனைத்துவிடும் என்றும் எழுதிக் கொடுத்து வண்டியை ஒப்படைத்தோம்.